தக்காளி விலையும் தட்டம்மை ஊசியும்

போன இதழில், கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் செய்யும் கணித ஆய்வு பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று மக்கள் எடுக்கிற முடிவைக்கூடக் கணக்காக்கிப் பார்க்கலாம் என்று அதில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தருமபுரியில் கணிதம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. மே, ஜூன் இரண்டு மாதம் சென்னையில் கோடை ஆய்வு செய்ய இடம் கிடைத்திருக்கிறது. தலைப்பு 'தடுப்பூசி முடிவுகளின் கணித மாதிரி'. வகைக்கெழுச் சமன்பாடு செமஸ்டரில் படித்த அளவுதான் தெரியும். அப்பா இது கணக்கா, டாக்டர் படிப்பா என்று கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. சமாளிப்பேனா?
– மாணவி, பர்கூர்

பதில்: கணக்குதான் அம்மா, அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தலைப்பில் ஒரு பாதி நோய் எப்படிப் பரவுகிறது என்பது, மறு பாதி மனுஷர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது, இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் உங்களுக்குக் கொடுத்திருக்கிற வேலை.

முதல் பாதி பழையது. ஊர் மக்களை மூன்றாகப் பிரிக்கிறோம்: இனிமேல் நோய் வரக்கூடியவர்கள், இப்போது நோயோடு இருப்பவர்கள், வந்து தேறியவர்கள். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று எழுதினால் மூன்று சமன்பாடு வரும். அந்த மூன்று பிரிவுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தை வைத்து இதை எஸ்.ஐ.ஆர். மாதிரி என்பார்கள். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்து கசௌலியில் வேலை பார்த்தவர், அவர்கள் தங்கள் வளைகோட்டைப் பொருத்திப் பார்த்ததும் 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடுதான். கெர்மாக்குக்கு 1924-இல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் கண்பார்வை போய்விட்டது, அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்தது இந்தக் கட்டுரை. எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்று தயங்குகிற பிள்ளைகளிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

இப்போது தட்டம்மையை எடுத்துக்கொள்வோம், நம் பக்கம் மணல்வாரி என்பார்களே, அதுதான். யாருக்கும் எதிர்ப்புசக்தி இல்லாத ஊரில் ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. 15 என்று வையுங்கள். அந்த 15 பேரில் 14 பேர் பாதுகாப்பாக இருந்தால் நோய் பெருகாது, அதாவது நூற்றுக்கு 93.3 பேர்.

சரி, இரண்டாம் பாதி. ஒரு தாய் ஒன்பது மாதக் குழந்தையோடு துணை சுகாதார நிலையத்து வாசலில் நிற்கிறாள். ஊசி போடாவிட்டால் குழந்தைக்கு நோய் வருமா என்பது அவளை மட்டும் பொறுத்தது இல்லை, ஊரில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நோய் அந்த ஊரை விட்டுப் போகாமல் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், நூற்றுக்கு 80 பேர் ஊசி போட்ட ஊரில் போடாத குழந்தைக்கு எப்போதாவது நோய் வரும் வாய்ப்பு 67 சதவீதம். 90 பேர் போட்டிருந்தால் 33 சதவீதம். 93 பேர் போட்டிருந்தால் 5 சதவீதம்கூட இல்லை. போடாதவர்களின் பங்கை 15-ஆல் பெருக்குங்கள், வரும் எண்ணால் 1-ஐ வகுங்கள், அதை 1-இலிருந்து கழியுங்கள், அவ்வளவுதான் சூத்திரம், நீங்களே போட்டுப் பாருங்கள். 90-லிருந்து 93-க்கு மூன்றே பேர் கூடுகிறார்கள், அதற்குள் பயப்பட இருந்த காரணம் கிட்டத்தட்ட மொத்தமும் கரைந்துவிடுகிறது. இந்தத் தலைப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்தத் தாய் ஊசியின் ஆபத்து நோயின் ஆபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்தாள் என்றால், ஊர் 90-லேயே நின்றுவிடும், அதற்கு மேல் போட்டுக்கொள்வதில் தனக்கு லாபம் என்று யாருக்கும் தோன்றாது. ஒரு வதந்தி கிளம்பி அது மூன்றில் இரண்டு பங்கு என்று நினைக்க ஆரம்பித்தால் 80. நோய் ஒழிகிற 93.3-ஐ அவரவர் சொந்தக் கணக்கை வைத்தே எட்ட வேண்டுமானால், ஊசியில் துளி ஆபத்தும் இல்லை என்று ஊரே நம்பியாக வேண்டும். கனடாவைச் சேர்ந்த கணிதவியலாளர்கள் பௌச்சும் எர்னும் 2004-இல் ஆட்டக் கோட்பாட்டை, அதாவது ஒருவர் முடிவின் பலன் மற்றவர்கள் முடிவையும் பொறுத்திருக்கும்போது போடுகிற கணக்கை, வைத்து நிறுவியது இதைத்தான். நாஷ் சமநிலை என்று நீங்கள் கேட்கப்போகும் சொல், ஊர் அப்படி நின்றுவிடுகிற புள்ளி. ஒன்றை மறக்காதீர்கள், இங்கே பேசுவதெல்லாம் மனசில் தோன்றுகிற ஆபத்து. நிஜத்தில் தட்டம்மை வந்த 1,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி வருகிறது, ஊசியால் அப்படி வருவது அரிதிலும் அரிது. அந்த நிஜத்துக்கும் மனசுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் உங்கள் ஆய்வுப்பொருள்.

கிளம்புவதற்கு முன் மூன்று காரியம் செய்தால் போதும். சமநிலைப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது, அது நிலையானதா என்று ஐகன் மதிப்பை வைத்து எப்படிப் பார்ப்பது, இதை இரண்டு மாறிகளுக்குக் கையால் போட்டுப் பழகுங்கள். அப்புறம் எக்செல்லில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று 200 வரிசை போட்டு எஸ்.ஐ.ஆர். மாதிரியை ஓடவிடுங்கள், நோயாளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குகிற வளைகோடு உங்கள் கண் முன்னால் வரும்போது பாதிப் பயம் போய்விடும். பைத்தான், ஆக்டேவ் மாதிரி நிரல் எழுதும் மொழியெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: ஊசி போடாதவர்கள் அறியாமையால்தான் போடுவதில்லை. விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் தீர்ந்தது. இதற்குச் சமன்பாடு எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1760-இல் டேனியல் பெர்னூலி பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு கணக்கை வைத்தார். பெரியம்மை வந்தவரின் கொப்புளத்திலிருந்து பொருளை எடுத்து நல்ல உடம்பில் கீறிச் செலுத்துவது அந்தக் காலத்து முறை, ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு முப்பது வருஷத்துக்கும் முந்தியது. பெரியம்மையே இல்லாமல் போனால் சராசரி ஆயுள் 26 வருஷம் 7 மாதத்திலிருந்து 29 வருஷம் 9 மாதமாகக் கூடும், அதனால் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதே வருஷம் தலாம்பேர் என்ற இன்னொரு பெரிய கணித மேதை எழுந்து, சராசரி கூடுவது அரசாங்கத்துக்கு லாபம், ஆனால் போட்டுக்கொள்கிறவன் இந்த மாதமே சாகக்கூடிய ஒரு ஆபத்தை என்றோ வரப்போகிற மூன்று வருஷத்தோடு எப்படி ஒப்பிடுவான் என்று கேட்டார். தலாம்பேரை அறியாமைக்காரர் என்று யாராவது சொல்வார்களா?

என் மகளுக்கு ஆறாவது வாரத்து ஊசி போட்ட ராத்திரி நல்ல காய்ச்சல். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று நர்சம்மா சொல்லித்தான் அனுப்பினார்கள், எனக்கும் தெரியும். ஆனால் குழந்தை விடிய விடிய அழுதபோது, பத்தாவது வாரம் போகத்தான் வேண்டுமா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது, நானும் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன். போனோம், போட்டோம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் நிஜம், அதை அறியாமை என்று தள்ளிவிட்டால் நம்மால் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

பாலக்கோட்டுக்காரருக்குத் தக்காளியை விட நல்ல உதாரணம் கிடையாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து எத்தனை பேர் நாற்று வாங்கினார்கள், செப்டம்பரில் விலை என்ன ஆனது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் கண் முன்னால் இருந்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்தார்கள், எல்லோரும் ஒரே மாதிரி யோசித்ததுதான் வினை. தடுப்பூசியிலும் இப்படித்தான். நோய் கண்ணில் படும்போது வரிசையில் நிற்கிறோம், நோய் குறைகிறது, குறைந்ததும் ஊசியின் காய்ச்சல் மட்டும்தான் கண்ணில் படுகிறது, போடுவது குறைகிறது, நோய் திரும்பி வருகிறது. இங்கிலாந்தில் 1970-களில் கக்குவான் ஊசி மூளையைப் பாதிக்கிறது என்று பயம் கிளம்பி, போடுகிறவர்கள் நூற்றுக்கு 80 என்ற அளவிலிருந்து சில வருஷத்தில் 30 அளவுக்கு இறங்கினார்கள், கக்குவான் பெரிய அலைகளாகத் திரும்பி வந்தது, அதற்குப் பிறகுதான் ஊசி மெல்ல ஏறியது.

அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கத்தான் 2005-இல் பௌச் மாதிரியில் ஒரு சமன்பாடு கூட்டினார். யாரும் உட்கார்ந்து வாய்ப்புக் கணக்குப் போடுவதில்லை, பக்கத்து வீட்டைப் பார்க்கிறார்கள், அவர்கள் நிலை தன்னைவிட நல்லது என்று தோன்றினால் அவர்கள் செய்ததைச் செய்கிறார்கள், அவ்வளவுதான் அதில் கூடுதல். அதற்கே வளைகோடு அலை அலையாக ஆடத் தொடங்குகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன சுற்றியது என்று நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரு பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பவில்லை என்றதும் அடுத்த நாள் நான்கு வீடு அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. விழிப்புணர்வுக் கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா, எந்த வாரம் போடுவது, யார் வாயால் சொல்வது என்று தெரிந்து போட வேண்டும், மாதிரி அதற்குத்தான்.

கேள்வி: நான் மலைக் கிராமங்களில் வேலை பார்க்கிறேன். இங்கே ஊசி வேண்டாம் என்று சொல்கிற தாயை நான் அதிகம் பார்த்ததில்லை. பஸ் இல்லை, ஒரு நாள் கூலி போகும், பாதிக் குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. உங்கள் கணக்கில் இவர்கள் எங்கே வருகிறார்கள்?
– அங்கன்வாடிப் பணியாளர், அஞ்செட்டி

பதில்: அம்மா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். மேலே நான் சொன்ன மாதிரிகளில் பெரும்பாலானவை, எல்லோருக்கும் வாசலில் ஊசி காத்திருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி என்று எடுத்துக்கொள்கின்றன. அந்த எடுகோளோடு அஞ்செட்டிக்கு வந்தால் விடை தப்பாகத்தான் வரும். போடாத பத்துக் குழந்தைகளையும் 'மறுத்தவர்கள்' என்று ஒரே கூடையில் போட்டுவிட்டு, பயத்தைப் போக்கினால் போதும் என்று மாதிரி சொல்லும், அங்கே தேவைப்பட்டதோ ஊசி போடுகிற புதன்கிழமை ஒரு வண்டி.

கணக்கில் இதைச் சேர்க்க வழி இருக்கிறது. ஊசியின் விலையில் பயத்தோடு கூலியையும் நடையையும் தனித்தனி உறுப்பாக எழுதலாம், அப்போது எதைக் குறைத்தால் எத்தனை குழந்தை கூடும் என்று பிரித்துப் பார்க்க முடியும். பெங்களூர் போகிறவர்களுக்கு மலை, நகரம் என்று இரண்டு திட்டு வைத்து நடுவே ஆள் போக்குவரத்து எழுத வேண்டும், ஏனென்றால் ஆறாவது வாரம் இங்கே ஊசி போட்ட குழந்தை ஒன்பதாவது மாதத்தில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகிறது. கோடை ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய நிறுவனத்தில் இருக்கிறவருக்கு இந்த மாறி தோன்றவே தோன்றாது, உங்களுக்கு அது சொந்த அத்தையின் கதை.

கேள்வி: ஆய்வுக்காக எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் யார் ஊசி போட்டார்கள், யார் போடவில்லை என்று எழுதி வரலாமா?
– மாணவர், அரூர்

பதில்: நீங்களாகப் போகக் கூடாது தம்பி. மனிதர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டு ஆய்வு செய்வதற்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அவர்களின் சம்மதம் வேண்டும், இரண்டு மாதத்தில் பெரும்பாலும் அது முடியாது. அதோடு, ஒரு சின்ன ஊரில் 'இந்த வீடு போடவில்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு என்ன பெயர் வரும் என்றும் நினைத்துப் பாருங்கள்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கைகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. 2019-21 சுற்றில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது, 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு எந்த ஊசி எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 25 முதல் 49 குழந்தைகளை மட்டும் வைத்து வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட எண்ணில் 88-க்கும் 93-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி முடிவு கட்ட முடியாது, ஆனால் நம் கணக்கில் 88-க்கும் 93-க்கும் நடுவேதான் எல்லாமே நடக்கிறது. இந்தச் சிக்கலையே ஆய்வின் ஒரு அத்தியாயமாக எழுதலாம்.

கேள்வி: மகள் இரண்டு மாதம் வெளியூர் போய் இதைச் செய்வதால் வேலைக்கு உதவுமா? இந்த மாதிரி வாய்ப்புகள் வேறு எங்கே இருக்கின்றன?
– பெற்றோர், ஓசூர்

பதில்: நேரடியாக வேலை வாங்கித் தராது. ஒரு கேள்வியைத் தானே எடுத்து, நிரல் எழுதி, இருபது பக்க அறிக்கையாக்கி, தெரியாதவர்கள் முன் நின்று பேசிப் பழகுவார், எம்.எஸ்சி. நேர்காணலில் அது நன்றாகவே தெரியும். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, ஆய்வாக இல்லாமல் கணிதத்தை ஆழமாகப் படிக்க 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். முகாம் இருக்கிறது. கோடைக்கான விண்ணப்பம் பல இடங்களில் பல மாதம் முன்பே முடிந்துவிடும், தீபாவளியை ஒட்டியே தேட ஆரம்பியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு கறவை மாடு. கோமாரி ஊசி இலவசமாகப் போடுகிறார்கள், ஆனால் போட்டால் பால் குறையும் என்று அப்பா ஒரு தடவை போடுகிறார், ஒரு தடவை விட்டுவிடுகிறார். இதையும் மாதிரியாக்க முடியுமா?
– மூன்றாம் ஆண்டு கணித மாணவர், போச்சம்பள்ளி

பதில்: முடியும், சொல்லப்போனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. தட்டம்மைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தட்டம்மை ஊசி இரண்டு தவணையோடு முடிந்தது. கோமாரி ஊசியின் பாதுகாப்பு சில மாதத்தில் தேய்ந்துவிடும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், அதாவது அப்பா ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் போன தடவை என்ன நடந்தது என்ற நினைவோடு. போட்டுப் பால் குறைந்தது நினைவில் நிற்கும். போடாமல் ஒன்றும் ஆகாததும் நினைவில் நிற்கும். போட்டதால் வராமல் போன நோய் மட்டும் யார் நினைவிலும் இருக்காது. அந்த நினைவை ஒரு மாறியாக வைத்து, புது அனுபவத்துக்கு எவ்வளவு எடை, பழையதற்கு எவ்வளவு எடை என்று ஒரு எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் ஊர் மாடுகளில் எத்தனை பாதுகாப்பாக இருக்கும் என்பது எப்படி ஆடுகிறது என்று தெரியும்.

அடுத்தது சந்தை. உங்கள் ஊர் வாரச்சந்தைக்குச் சுற்றுப்பக்கத்து மாடெல்லாம் வருகிறது. பக்கத்து வீட்டு மாட்டிடமிருந்து மட்டும் நோய் பரவும் என்று எழுதினால் ஒரு விடை, வாரத்தில் ஒரு நாள் எல்லா ஊரும் ஒரே இடத்தில் கலக்கும் என்று எழுதினால் வேறு விடை. முதலில் சந்தையை விட்டுவிட்டு இரண்டே தொழுவத்தோடு ஆரம்பியுங்கள், ஒன்று போடுகிறது, ஒன்று போடவில்லை, அதைக் கையால் தீர்த்துவிட்டு அப்புறம் சந்தைக்கு வாருங்கள்.

அதற்கு முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பால் குறைந்தது, ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர், சொசைட்டியில் ஊற்றும் விலை என்ன. தோராயமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். பால் அட்டை பத்திரமாக இருந்தால் தேதியோடு சரிபார்த்துவிடலாம்.